நூற்றெண்பது நாளுக்குப் பிறகு

அண்ணன் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் மினி லாரி ஓட்டினான். ஒருநாள் வழியில் யாரோ பருத்திக்கொட்டை என்று சொல்லி இரண்டு மூட்டைகளை ஏற்றிவிட்டிருக்கிறார். சோதனையில் தார்களை விலக்கி மூட்டைகளைப் பிரித்தபோது உள்ளே கஞ்சா. ஏற்றிவிட்டவரின் போன் அன்றோடு அணைந்துவிட்டது. அண்ணன் சிறைக்குப் போனான்.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. வக்கீலைத் தேடி நான்தான் போனேன். பிடிபட்ட அளவு அதிகம், சாதாரணமாக ஜாமீன் கிடைக்காது என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வழியும் சொன்னார்.

"நூத்தியெண்பது நாளைக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும் டீச்சர். பண்ணலேன்னா மறுநாளே நாம மனுப் போடலாம். ஜாமீன் குடுத்துத்தான் ஆகணும்."

அன்றிலிருந்து குற்றப்பத்திரிகை வந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபித்தேன். ஒரு வேலை முடியாமல் கிடக்கட்டும் என்று ஆண்டவரிடம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. சிறையில் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிவலைக்கு அந்தப்பக்கமிருந்து அண்ணன், "இன்னும் எத்தன நாளுட்டி?" என்பான். சொல்வேன். அவன் முகம் கொஞ்சம் தெளியும்.

நாள் முடிந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. மறுநாள் கோர்ட் திறந்ததும் வக்கீல் மனுவைக் கொடுத்தார். ஜாமீன் கையெழுத்துப் போட, அண்ணன் மனைவி, என் மைனி, தன் அப்பாவையும் சித்தப்பாவையும் சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கூட்டி வந்திருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை, சரக்கு கொடுத்தவனை வெளிமாநிலத்தில் தேடுகிறார்கள், ஆகவே விசாரணைக் காலத்தை நீட்டிக்க முந்தின வாரமே உத்தரவு வாங்கியாயிற்று என்றார். ஓராண்டு வரை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அப்படியொரு மனு வந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த உத்தரவு போட்ட அன்று அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்தவுமில்லை. எங்கள் மனு தள்ளுபடியானது.

வெளியே வேப்பமரத்தடியில் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாள்தான் முடிஞ்சிட்டுல்லா? பெறவு ஏன் விட மாட்டேங்காங்க?"

"நாளக் கூட்டிட்டாங்க மைனி."

"உள்ள கெடக்கது அவுக. யாரக் கேட்டுக் கூட்டுனாங்க?"



அடுத்த முறை பார்க்கப் போனபோது அண்ணன் எதுவும் கேட்கவில்லை. "இனி வராதீய" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அதற்கடுத்த வாரம் எங்களைப் பார்க்க வரவே மறுத்துவிட்டான். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காவலர் சொன்னார். ஆளில்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்து, "ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டுப் போங்களேன்" என்று மைனி கத்தினாள்.  அவன் உயிரோடு வெளியே வருவான் என்ற நம்பிக்கை அன்று எனக்குப் போய்விட்டது.

வக்கீல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மாதங்கள் ஓடின. கடைசியில் விசாரணைக்கு வந்தபோது நீதிபதி கேட்டது ஒன்றுதான்: காலநீட்டிப்பு கேட்டபோது அந்த மனிதரை நிறுத்தி அவரிடம் தெரிவித்தீர்களா? இல்லை. நீட்டிப்பு ரத்தானது. ஜாமீன் கிடைத்தது.

அண்ணன் வெளியே வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆட்டோ ஆற்றுப்பாலம் தாண்டியதும் மெல்லக் கேட்டான்.

"நான் தப்புப் பண்ணலன்னு சொல்லிட்டாங்களாட்டி?"

மைனி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"இல்லண்ணே. உன்ன நிறுத்தாம நாளக் கூட்டுனதுதான் தப்புன்னு சொல்லிருக்காங்க. கேஸ் அப்படியேதான் இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். வீடு வரும்வரை அந்தத் தலையாட்டல் நிற்கவில்லை.

பிறகு குற்றப்பத்திரிகையும் வந்தது. அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். மற்ற நாட்களில் மைனியோடு வயல் வேலைக்குப் போகிறான். அடுத்த மாதம் சாட்சி விசாரணை தொடங்குகிறது. இப்போதே சோற்றைக் குறைத்துவிட்டான் என்று நேற்று மைனி போனில் அழுதாள்.