பச்சை முகத்துச் சீமாட்டி

என் தங்கை புருஷனுக்குக் கார் பட்டறையில் பெயின்ட் கலக்குகிற வேலை. நசுங்கின கதவைத் தட்டி நேராக்கிக் கொடுத்தால், மற்ற பாகத்தோடு ஒட்டிப்போகிற நிறத்தைக் கண்ணால் பார்த்தே கலக்கிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. போன மாதம் ஒரு வெள்ளைக் காரை வெயிலுக்குக் கொண்டுவந்தபோது, கதவு மட்டும் தனியாகத் தெரிந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கார் கழுவுகிற பக்கம் போய்விட வேண்டியதுதான் என்றாராம் முதலாளி.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் ஆயில் பெயின்டிங் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். கண்ணுக்குப் பயிற்சியாம். டீச்சர் பார்த்து வரையச் சொன்னது பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்த பழைய படம். ரொகோக்கோ பாணியாம், எனக்கென்னவோ சேவல் கூவுகிற மாதிரிதான் கேட்டது. தோட்டத்தில் ஒரு சீமாட்டி, கூடாரம் போலப் பட்டுப் பாவாடை, பக்கத்தில் பூவோடு ஒருத்தன் வழிந்துகொண்டிருப்பான்.

மூன்றாவது வாரம் தங்கை என்னைச் சத்தமில்லாமல் மாடியறைக்குக் கூட்டிப்போனாள். மாப்பிள்ளை வரைந்திருந்த சீமாட்டியின் முகம், கழுத்து, கை எல்லாம் பாசி பிடித்த தொட்டி மாதிரிப் பச்சை. பக்கத்தில் ஒட்டியிருந்த அச்சுப்படத்திலோ அவள் நல்ல ரோஜா நிறம்.

"அண்ணே, இவருக்குக் கலரே தெரியல. நாம கேட்டா உடைஞ்சு போயிடுவாரு."

நான் சும்மா இருப்பேனா? கீழே வந்து, கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுக்கச் சொன்னேன் மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை நீலத்தை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் தெருமுனை சலூன் வரைக்கும் விஷயம் போய்விட்டது. யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். தங்கை கண் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

சேதியைப் பக்குவமாகச் சொல்ல, முந்தின நாள் இரண்டு பேரும் மாடி ஏறினோம். மாப்பிள்ளை பச்சைக்கு மேல் மெல்லிசாக ரோஸ் பூசிக்கொண்டிருந்தார். சீமாட்டியின் ஒரு கன்னத்தில் ரத்தம் ஓடியது. இன்னொன்றில் இன்னும் பாசி.

"அப்ப அது பச்சைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை.

"பச்சையைத்தானே பூசினேன்? கார்ல பெயின்டுக்கு அடியில பிரைமர் அடிக்கிறதில்லையா, அந்த மாதிரி. வெறும் ரோஸ் பூசினா பிளாஸ்டிக் பொம்மையாயிடும்."

துண்டு விவகாரத்தைக் கேட்டேன்.

"சிவப்பு ஈரமா இருந்துச்சு மச்சான்."

தங்கை படியிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வெள்ளைக் கதவுக்கும் விடை கிடைத்துவிட்டதாம். எந்த நிறத்தையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னாராம் டீச்சர். பட்டறையில் புதிதாக மாட்டின மஞ்சள் லைட்தான் அன்றைக்கு ஏமாற்றியிருக்கிறது. இப்போது வாசலுக்கு வந்து வெயிலில்தான் கலக்குகிறார். அதற்கப்புறம் ஒரு கதவும் திரும்பி வரவில்லை.

சலூன்காரர் மட்டும் மாப்பிள்ளையைக் கண்டால் இன்னும் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விடுகிறார்.