அறுந்துபோகத்தான் கட்டினேன்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் கண் இருக்கிறது.

எங்கள் பிழைப்பு ஒரு வெள்ளைக் குதிரை. தர்மபுரியிலும் அரூரிலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும். போன வருஷம் ஒரு மண்டபத்தில் வேறொருவர் குதிரையை ஜன்னல் கம்பியில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு பின்னால் இழுத்தது. கால் வழுக்கி விழுந்தது. தலை மட்டும் மேலே தொங்கியது. முடிச்சு இறுகி அவிழவேயில்லை. அரிவாள் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கண்ணை நான் பார்த்தேன். என் வீட்டுக்காரரும்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் பந்தியிலும் உட்கார்ந்தார்.

எங்கள் குதிரை நிற்பது பழைய மாட்டுக் கொட்டாய். குறுக்கே ஒரு மூங்கில், அவ்வளவுதான். கதவு வைத்தால் உள்ளே தலைக்கயிறே போடாமல் விடலாம். எத்தனை தரம் கேட்டேன்!

“மாட்டுக் கொட்டாய்க்கு எவன்டி கதவு வெப்பான்?”

“உள்ள நிக்கிறது மாடாங்க?”

“இல்ல, உங்கப்பன் வூட்டு யானை.”

மாட்டைப் போலவே தரையில் அடித்த முளையில் கட்டுவார். தொங்குகிற கயிற்றில் முன்னங்கால் சிக்கும். நானே ஆள் பிடித்து, குதிரையின் நெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு வளையம் அடிக்க வைத்தேன். வளையத்தில் சாக்கு தைக்கிற சணலைச் சுற்றி, அந்தச் சணலில்தான் கயிற்றைக் கட்டினேன். மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும்.

ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருவில் சாவு எடுத்தார்கள். சரவெடி. குதிரை எகிறி இழுத்தது. சணல் அறுந்தது. மூங்கிலைத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக்காரர் காயவைத்திருந்த கேழ்வரகில் வாயை வைத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“ஏம்மா, குதிரைய கட்டி வளக்கறீங்களா, மேய விட்டு வளக்கறீங்களா?” என்று கேழ்வரகுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“பாத்தியா, அறுந்துடுச்சு!” என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ ஜெயித்தவர் மாதிரி.

“அறுந்துபோகத்தாங்க கட்டுனேன்!”

“அறுந்துபோறதுக்கு எதுக்குடி கட்டணும்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அறாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! உயிரோடு நிற்கிற குதிரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் குற்றம் சொல்கிறார்கள்.

மறுநாள் என் வீட்டுக்காரர், லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டுகிற கயிறு ஒன்றை வாங்கி வந்தார். “இது யானை இழுத்தாலும் அறாது.” அதுதானே என் பயமே! அவர் டீக்கடைக்குப் போன நேரத்தில் அதை எடுத்து வாசலில் நிற்கிற இரண்டு மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினேன். முதலில் அவர் வேட்டியைத்தான் காயப்போட்டேன்.

“கயிறு எங்கடி?”

“அதோ தொங்குது. யானை வந்தா சொல்லுங்க, அவுத்துத் தரேன்.”

வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவு இன்னும் வரவில்லை. வருகிறவரை சணல்தான்.