ஒரே ஆளாய் நின்றவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஸ்பிரிங்வெளி தேயிலை ஃபெக்டரியில் மிஷின் பழுது பார்க்கிறவனுக்குக் கைக்கு அகப்படாத எதிலும் நம்பிக்கை கிடையாது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆனதற்குப் படையல் போட்டோம். அவர் உயிரோடு இருந்தபோது காளானை அவித்து, எண்ணெயில் அமுக்கி, போத்தலில் இறுக மூடி வைப்பார். அதில் கடைசிப் போத்தலை என் மனைவி செல்வி பத்திரமாக வைத்திருந்து, அன்றைக்குத்தான் திறந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு அவள் மட்டும் சாப்பிட்டாள். எனக்குக் காளான் ஆகாது.

மறுநாள் காலையில் அவளால் இமையைத் தூக்க முடியவில்லை. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நாக்குத் தடித்தது, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பேய் அடித்துவிட்டது என்றார்கள். அவர்களைத் திட்டிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பழுதான சாப்பாடு ஏதும் சாப்பிட்டவவோ?" என்று யாழ்ப்பாணத்து டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். செத்தவருக்குப் படைத்ததைப் பழுது என்று யார் நினைப்பார்கள்? மதியத்துக்குள் அவளுக்கு மூச்சு திணறத் தொடங்கியது. என் கண் முன்னாலேயே போய்விடுவாள் என்று பயந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் அவள் குழறினாள். "எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரியுறாங்க. அம்மா மட்டும் ஒரே ஆளா நிக்கிறாங்க. காளான் போத்தல கையில வச்சுக்கிட்டு அழுவுறாங்க."

அவள் பார்த்த கட்டில் கால்மாட்டில் யாருமில்லை. நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் எனக்குப் படையல் போத்தல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் டொக்டரிடம் போத்தல் விஷயத்தைக் கொட்டினேன். காற்றுப் புகாத போத்தலுக்குள் வளரும் கிருமியின் நஞ்சு என்றார். கொழும்பிலிருந்து மாற்றுமருந்து வரவழைத்தார்கள், மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டரிடம் கேட்டேன். "அன்னைக்கு அவ பார்த்தது, விஷம் தலைக்கேறுன மயக்கந்தானுங்களே?" ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"இந்த நஞ்சு வருத்தத்தில கண்ணும் தொண்டையும் மூச்சும்தான் விழும். புத்தி தெளிவாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

பஸ்ஸில் வரும்போது செல்வி சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

"அம்மா என்னைய பாக்கவே இல்லங்க. உங்களத்தான் பாத்து, போத்தல நீட்டி நீட்டி அழுதாங்க."