வைசாகே கொண்டுவந்த ஒற்றைப் பல்

பிரான்சில் பதினொரு வருடம் சம்பளத்துக்கு ரக்பி ஆடியவன் வைசாகே. ஆடினான் என்று ஊர் சொல்லும், அவனைக் கேட்டால், "ஆட்டமா? முட்டினேன்" என்பான். ஸ்க்ரமில் எட்டுப் பேர் எட்டுப் பேரை முட்டித் தள்ளும்போது முன்வரிசையில் கழுத்தைக் கொடுப்பது அவன் வேலை. பந்தை அவனை நம்பி யாரும் கொடுத்ததில்லை. தப்பித்தவறிக் கைக்கு வந்த ஏழு தடவையில் மூன்று தடவை கீழே போட்டான். பதினொரு வருடத்தில் அவனுக்கு மிஞ்சியது புடைத்த இரண்டு காதுகளும், திரும்ப மறுக்கும் கழுத்தும்.

அந்தப் புண்ணியவானைத்தான் உலகக் கோப்பைக்குச் சொந்த நாடான ஃபிஜியின் அணி கூப்பிட்டது. "போனால் உன் இடம் காத்திருக்காது" என்றார் கிளப் முதலாளி. வைசாகே பயந்துபோய் நாட்டுச் சட்டையை வேண்டாமென்றான். அப்படியும் அந்தப் பருவம் முழுக்கக் கிளப் அவனை ஆடவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்தது. பெஞ்சு தேய்ந்தது, அவன் தேயவில்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!

ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? ஐந்து வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் கிளப்பும் கைகழுவிவிட, மன்னிப்புக் கேட்க வந்து சேர்ந்தான். வெறுங்கையோடு கேட்க முடியுமா? ஊர் வழக்கப்படி, தப்புக்கு ஒன்றாகத் திமிங்கிலப் பல்லை நீட்ட வேண்டும். குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா இலியேசா அதை வாங்கினால் இவன் ஊர்க்காரன். வாங்காவிட்டால் அடுத்த பஸ்.

வாசலில் மச்சான் நெமானி நின்றான். "வாய்யா பெஞ்சு ராசா! பாய்ல உக்கார வருமா, பலகை போடட்டுமா?"

"போடு மச்சான். ஓரமாப் போடு, பழக்கம் இன்னும் விடலை."

உள்ளே யங்கோனா என்ற வேர்ச்சாறு நிறைந்த கலயத்தைச் சுற்றிச் சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நூற்றிருபது கிலோ உடம்பு மண்டியிட்டபோது முழங்கால்கள் மளுக்கென்று முறிந்த மாதிரி சத்தம் போட்டன. இரண்டு கையாலும் பல்லை ஏந்தித் தலைகுனிந்தான்.

"பெரியப்பா, நாட்டுச் சட்டையை வேண்டாம்னுட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சிடுங்க."

இலியேசா சட்டென்று வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். வைசாகேவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அது அன்னிக்கே தீந்துபோச்சுடா," என்றார் பெரியப்பா. "உனக்குப் பதிலாப் போனவன் உன்னைவிட நல்லாத்தான் முட்டினான்."

கூரை அதிரச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் வைசாகே. இலியேசா மட்டும் சிரிக்கவில்லை.

"ஆனா போன வருஷம் உங்கம்மா செத்து, பெட்டியத் தூக்குறப்ப ஒரு தோள் குறைஞ்சுதே. அதுக்கு எங்கடா பல்லு?"

வைசாகே தன் வெறுங்கைகளைப் பார்த்தான். "ஒண்ணுதான் பெரியப்பா கொண்டுவந்தேன்," என்றான்.

இலியேசா பல்லைத் திரும்ப அவன் கையில் வைத்தார். "இது இப்ப என்னுது. நான் தர்றேன். அம்மாவுக்காக மறுபடி கேளு."

வைசாகே அதை ஏந்தினான். "அம்மா" என்றான். பல்லை உயர்த்தித் தலைகுனிந்தான். பெரியப்பா கையை நீட்டியபடி காத்திருந்தார்.