நட்சத்திரம் மாற்றிய லேப்டாப்

போன மாதம் என்னால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது.

நான் பெண்ணுக்கு உறவு இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை. இரண்டு பேரையும் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பிறகு எப்படி? ஒரு பென் டிரைவால்!

சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்லியாகிவிட்டது, திட்டும் வாங்கியாகிவிட்டது. மிச்சம் நீங்கள்தான்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கீரனூரில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு நிறைய உண்டு. காலையில் நடை, மாலையில் கோயில், நடுவில் மருமகளைப் பற்றிக் குறை. எனக்கு வந்த வியாதி வேறு. பழைய லேப்டாப்!

மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்றில் ஆரம்பித்தது. ஆன் செய்தால் பெருமூச்சு விடும், அப்புறம் யோசிக்கும், யோசித்துக்கொண்டே தூங்கிவிடும். என்னைப் போலவே. அதற்கு வைத்தியம் உண்டா என்று தேடியபோதுதான் லினக்ஸ் கண்ணில் பட்டது. லேப்டாப்பை இயக்குகிற இலவச சிஸ்டம் அது. அதில் எடை குறைந்த வகைகள் இருக்கின்றன. ரேம் குறைவான கிழட்டு மெஷின்களுக்கென்றே யாரோ புண்ணியவான்கள் செய்து வைத்திருக்கிறார்கள். பென் டிரைவில் ஏற்ற வேண்டும், லேப்டாப்பில் செருக வேண்டும், திரை கேட்கிற சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சாகக் கிடந்தது எழுந்து உட்கார்ந்துவிட்டது!

அந்த ருசி பொல்லாதது. ஒன்றைப் பிழைக்க வைத்தவன் சும்மா இருப்பானா?

நம் பக்கத்தில் நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் லேப்டாப் கொடுத்தது அல்லவா? பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், புதிது வாங்கிக்கொண்டார்கள். பழையது பீரோவின் மேலே, கல்யாண ஆல்பத்துக்கு அடியில் படுத்திருக்கிறது. நான் வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆரம்பித்தேன்.

"நாய் புடிக்கிற வண்டி மாதிரி போறீங்க" என்றாள் என் மனைவி கோமதி. "ஒங்க தலை தெரிஞ்சாலே லேப்டாப்ப எடுத்து உள்ள ஒளிச்சு வைக்கிறாகளாம். எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் ஜோதிடர் சிதம்பரம் மாட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் கடை. அவருடைய அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து, விரலை மடக்கி ஜாதகம் கணித்தவர். சிதம்பரம் விரலை மடக்குவதில்லை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் லேப்டாப்பே எல்லாம் போட்டுவிடும். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் கடைக்குப் போவேன். ஃபேன் நன்றாக ஓடும்.

"ஆன் பண்ணிட்டுக் கீழ போயி டீ குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்றார் ஒரு நாள்.

என் காது நிமிர்ந்தது. "நாளைக்குத் தர்றேன். கொடுங்க."

கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும்ல சார்?"

"இருக்கும்" என்றேன்.

இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அதில் என்ன வேலை செய்கிறார், எதை வைத்துச் செய்கிறார்... எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் மகளின் போட்டோக்களையும் சில பாட்டுகளையும் பத்திரமாக நகல் எடுத்தேன். 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிடவா?' என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அந்தக் கேள்வி என்னைக் கேட்க வேண்டிய கேள்வியா? சிதம்பரத்தை அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

மறுநாள் கடையில் வைத்து ஆன் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. சிதம்பரம் கை தட்டினார். பிறகு திரையை அங்கிட்டும் இங்கிட்டும் தேடினார்.

"சார்... ஜாதகம் எங்க சார்?"

"எந்த ஜாதகம்?"

"ஜாதகம் போடுற சாஃப்ட்வேர் சார். சோறு போடுறது அதுதானே!"

அதை ஏற்றிக்கொடுத்த ஆள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாராம். சி.டி. இருக்கிறதா என்றால் சிதம்பரம் சிரித்தார். லேப்டாப்பில் சி.டி. போடுகிற இடமே இல்லை.

நான் விடுவேனா? லினக்ஸிலும் ஜாதகம் கணிக்க இலவச மென்பொருள் இருந்தது. இறக்கினேன். சிதம்பரம் தன் பிறந்த தேதியைத் தட்டிப் பார்த்தார். அவர் நட்சத்திரம் சரியாகவே வந்தது. முகம் தெளிந்துவிட்டது.

"பழசவிட இது கலரா இருக்கே சார்! நாளைக்குக் காலையில ஒரு பொருத்தம் இருக்கு. இதுலயே பிரிண்ட் எடுத்துருவோம். நீங்களும் வாங்க."

போனேன். எதற்கு? பாராட்டு வாங்கத்தான்.

பெண்ணின் அப்பா கறம்பக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பெயரில் வைரம் இருந்தது, ஆள் மெலிந்திருந்தார்: வைரக்கண்ணு. மகள் திருச்சியில் நர்ஸ். ஏற்கெனவே கூடி வந்த இரண்டு இடங்கள் கலைந்துவிட்டன, இது மூன்றாவது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளூர்க்காரர், மீனாட்சி அம்மாள். முந்தின வாரமே சிதம்பரம் பார்த்துப் பெண்ணுக்கு மகம் நட்சத்திரம், பொருத்தம் அருமை என்று வாயால் சொல்லியிருந்தார். அன்றைக்கு பிரிண்டரில் இங்க் இல்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நிச்சயத்துக்கு நாள் குறிக்கத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

சிதம்பரம் பெண்ணின் விவரங்களைத் தட்டினார். தாள் வந்தது. மீனாட்சி அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"என்ன ஜோசியரே, ஆயில்யம்னு போட்டுருக்கு?"

சிதம்பரம் தாளை வாங்கிப் பார்த்தார். ஆயில்யம்தான்.

ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அந்த மாமியார்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்!

"போன வாரம் மகம்னு சொன்னீக. ஒரு வாரத்துல நட்சத்திரம் மாறுமா?"

சிதம்பரம் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் பஞ்சாங்கங்களில் இரண்டு கணக்கு உண்டு. வாக்கியம் என்பது பழைய சூத்திரப்படி போடுவது. திருக்கணிதம் என்பது சந்திரன் வானத்தில் நிஜமாக நிற்கிற இடத்தைப் பார்த்துத் திருத்தியது. இரண்டும் சில மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். ஒரு நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவர்களுக்கு வித்தியாசம் வராது. சிதம்பரம் அப்படிப் பிறந்தவர். எல்லையில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமே மாறிவிடும். அழிந்துபோன சாஃப்ட்வேர் வாக்கியம். நான் ஏற்றியது திருக்கணிதம்.

எழுந்து நின்றேன். "அம்மா, நட்சத்திரம் மாறல. லேப்டாப்தான் மாறிருச்சு. மாத்துனது நான்."

"நீங்க யாரு?"

"ரிட்டயர்டு புரொஃபசர்."

"பொண்ணு வீட்டுக்கு வேண்டியவுகளா?"

"இல்லம்மா. இவரை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அப்பறம் எதுக்கு நீங்க எந்திரிச்சு நிக்கிறீக?"

நியாயமான கேள்வி. பதிலாக, கரும்பலகை இல்லாத குறையாக இரண்டு கணக்கையும் விளக்கினேன். சந்திரனுக்கு ஒரு பேப்பர் வெயிட், பூமிக்கு ஒரு திருநீற்று டப்பா.

"ரெண்டு கணக்குன்னா... ரெண்டு வானமா சார் இருக்கு?" என்றார் மீனாட்சி அம்மாள்.

"தங்கச்சி, வேணும்னா இன்னொரு எடத்துல பாப்பமா?" என்றார் வைரக்கண்ணு மெதுவாக.

"நமக்குப் புடிச்ச மாதிரி வர்ற வரைக்கும் ஊர் ஊராப் பாக்குறதாண்ணே?"

அப்போது வைரக்கண்ணுவின் போன் அடித்தது. யார் என்று பார்த்தார். எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "புள்ளதான்... டூட்டிக்கு நடுவுல கூப்பிடுது. பையன்கூடப் பேசிப் பழகிருச்சு. என்னத்தச் சொல்றது சார்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படித்தவர், ஏதாவது வழி சொல்வார் என்ற தொனியில் கேட்டார். போன் அடித்து ஓய்ந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் எனக்கும் என்ன விரோதம்? என் கை அரித்தது, அவ்வளவுதான்.

"ஜோசியரே" என்றார் மீனாட்சி அம்மாள் திடீரென்று. "என்னையப் போடுங்க இதுல. நான் பூசம். அது எனக்கு நல்லாத் தெரியும். பூசம்னு வந்தா இது சொல்றது சரி. வரலைன்னா தப்பு."

சோதனைச் சாலையில் கருவியைச் சரிபார்க்கிற முறை அதுதான். மறுக்க முடியாது.

"பொறந்த நேரம்?"

"காலையில மொத பஸ்ஸு போற நேரம்னு எங்க ஆத்தா சொல்லும்."

அந்த பஸ் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்ததா என்று யாருக்குத் தெரியும்? சிதம்பரம் ஏதோ ஒரு நேரத்தைத் தட்டினார். வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு கணக்கு தப்பாக வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

சிதம்பரம் திரையைப் படித்தார். "ஆயில்யம்னு வருதும்மா..."

"நானா? நான் ஆயில்யமா?"

சத்தம் கீழே டீக்கடை வரை கேட்டிருக்கும். அடுத்த நொடி அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க மாமியா தொண்ணூறு தாண்டி இருந்துச்சு சார்! சாகுற அன்னைக்குக் காலையிலகூட ரசத்துல உப்பு இல்லைன்னு என்னைய வைஞ்சுட்டுத்தான் படுத்துச்சு. நான் ஆயில்யமாம்! நான் ஆயில்யமா இருந்திருந்தா எனக்கு எப்பவோ விடிஞ்சிருக்குமே!"

வைரக்கண்ணுவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாதி சிரித்தார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். லேப்டாப் சரி என்றால் இந்த அம்மாள் ஆயில்யம். அவர் மாமியார் தீர்க்காயுசாக இருந்தார். ஆக ஆயில்யத்தால் தொல்லை இல்லை. லேப்டாப் தப்பு என்றால் பெண் ஆயில்யமே இல்லை. எப்படிப் போனாலும் கல்யாணம் நடக்கலாம்! இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மீனாட்சி அம்மாள் தன் வழியை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்.

"சார், நீங்க படிச்சவுக. சொல்லுங்க. இந்த லேப்டாப் தப்புதானே?"

"தப்பு என்னோடதும்மா. கேக்காம மாத்துனது..."

"ஒங்க தப்பு கெடக்கட்டும். லேப்டாப் தப்பா இல்லையா?"

அன்பர்களே, அந்த லேப்டாப் தப்பில்லை. சந்திரன் எங்கே நின்றதோ அதைத்தான் அது சொன்னது. கண்ணால் பார்த்ததை நம்பு, ஏட்டில் இருப்பதை அப்படியே நம்பாதே என்று வகுப்பு வகுப்பாகத் தொண்டை கிழியச் சொன்னவன் நான். வைரக்கண்ணுவின் கையில் போன் மறுபடியும் அடித்தது.

"சுத்தத் தப்பும்மா" என்றேன். "இந்த லினக்ஸுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பச் சரி, நாளக் குறிங்க ஜோசியரே" என்றார் மீனாட்சி அம்மாள். வைரக்கண்ணு போனை எடுத்தார். "ஆமாத்தா... நல்லபடியா முடிஞ்சுச்சு. சாப்பிட்டியா?" என்றார்.

பிறகு நடந்தது சின்னக் கதை. சிங்கப்பூர்க்காரரைப் பிடித்து, பழைய சாஃப்ட்வேரை வரவழைத்து, அது ஓடுவதற்காகப் பழைய சிஸ்டத்தையே மறுபடி ஏற்றிக்கொடுத்தேன். சிதம்பரத்தின் லேப்டாப் இப்போது முன்பைவிட மெதுவாக இருக்கிறது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. லினக்ஸ் மேல் எனக்கு இப்போதும் குறை கிடையாது. யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்தால், இதில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். போகட்டும். உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவன், உதவி கேட்டவரைவிடத் தன் கெட்டிக்காரத்தனத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது தெரிய எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நேற்று மீனாட்சி அம்மாள் வெற்றிலைத் தட்டோடு நேரிலேயே வந்து கல்யாணத்துக்கு அழைத்தார். கோமதியிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், அவசியம் வந்துரணும். மண்டபத்துல வீடியோக்காரத் தம்பி லேப்டாப் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு... அங்கிட்டு மட்டும் போயிராதீக."