பத்து விரல் கேட்காத நாடு

ஜமுனாவின் முன்பற்கள் இரண்டும் சற்று வெளியே தள்ளியிருக்கும். பிறவியில் வந்ததல்ல. பன்னிரண்டு வயதிலிருந்து பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்ததால் வந்தது. இரண்டு கைகளும் சேற்றுக்குள் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் போட ஒரு கூடை வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள மனிதருக்கு மூன்றாவது கை இல்லை. அதனால் வாய்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையெட்டும் தூரத்தில் வரிசை கட்டி, கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்வார்கள். ஒருத்தியின் விரலுக்குத் தப்பிய இறால் அடுத்தவளின் விரலில் முட்டும். வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் அந்த ஓட்டை வழியாக எல்லாம் ஓடிவிடும். ஆகவே பிடித்ததை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஒருத்திக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அவள் வரிசையில் இருந்தாள் அல்லவா, பங்கு உண்டு.

வலை போட்டால் என்ன என்று கேட்கலாம். ஏரியில் வலை போடும் இடங்களைப் படகுக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாடு என்பார்கள். எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஜமுனாவின் சாதிக்கு அதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. ஏரி நம் எல்லோருக்கும் தாய் என்று விழா மேடையில் பேசுகிறவர்கள், அந்தத் தாய் ஏன் சில பிள்ளைகளுக்கு மட்டும் வலை எடுத்துக் கொடுத்தாள் என்று சொல்வதில்லை.

இந்த ஜமுனாவுக்குத்தான் சென்ற டிசம்பரில், ஆப்பிரிக்காவில் எந்த நாட்டுக்குப் போய்க் காட்டு விலங்குகளைப் படம் எடுப்பது என்று யோசிக்க வேண்டி வந்தது.

பிரின்சி சென்னையைச் சேர்ந்த பெண்மணி. கேமரா வைத்திருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கும், வருடத்துக்கு ஒரு முறை ஆப்பிரிக்காவுக்கும் போகும் நிறுவனம் நடத்துகிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால், சுப்பராயலு என்பவரின் படகில் பூநாரைகளைத் தேடி வந்தார். மோட்டாரை நிறுத்திக் கழியால் தள்ளிக்கொண்டு போயும், நூறு அடி இருக்கும்போதே கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. எழாமல் நின்ற சில பறவைகளுக்கு முப்பதடி தூரத்தில் ஒரு தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. வாயில் கூடை.

"நீ எப்பிடி அவ்ளோ கிட்டப் போற?" என்று பிரின்சி படகிலிருந்து கத்தினார்.

ஜமுனா பறியை வாயிலிருந்து எடுத்தாள். "நான் எங்க போனேன்? அதுங்க மேயுது, நானும் மேயறேன்."

அடுத்த வாரம் பிரின்சி ஒரு பழைய கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜமுனா அதை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மீன் பெட்டியின் தெர்மக்கோல் மூடியில் கட்டி மிதக்கவிட்டாள். அவள் எடுத்த படங்களில் பறவையின் அலகும் அலகின் நிழலும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. படகில் உட்கார்ந்து எடுக்கிறவர்களுக்கு அது ஒருநாளும் கிடைக்காது. ஜமுனாவுக்குப் படகில் உட்கார இடம் கொடுத்தவரும் இல்லை. "தண்ணில நடக்கிற சனம்தான, நடந்தே வரட்டும்" என்பார் சுப்பராயலு. ஐந்து வருடமும் அவள் படகுக்குப் பின்னால் நடந்தே போனாள். படங்கள் பிரின்சி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரோடு வந்தன.

பிரின்சியிடம் வழக்கமாக வருகிற ஒரு ஓய்வுபெற்ற டாக்டர், தண்ணீரிலிருந்து எடுக்கும் அந்தப் பெண் வந்தால்தான் அடுத்த ஆப்பிரிக்கப் பயணத்துக்கு நானும் என் மனைவியும் வருவோம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் வந்தால் அவருடைய நண்பர்களும் வருவார்கள். ஜமுனாவின் செலவு முழுவதும் நிறுவனத்துடையது. எங்கே போவது என்பதையும் ஜமுனாவே சொல்லட்டும் என்றார் டாக்டர்.

படகுத்துறை டீக்கடையில் பிரின்சி மூன்று தாள்களைப் பரப்பினார். ஜமுனாவின் நாத்தனார் காசியம்மாளும் கூட இருந்தாள். வரிசையை நடத்துகிறவள் அவள்தான்.

"இது கென்யா. மசாய் மாரா. ஆயிரக்கணக்குல மிருகம் ஆத்தைக் கடக்கும். ஜீப்ல இருந்து எடுக்கலாம்."

"ஜீப்புக்கு எத்தினி பேரு?" என்றாள் ஜமுனா.

"நாலு."

"அல்லாரும் ஒரே பக்கமா வந்து குந்திக்கினா?"

பிரின்சி சிரித்தார். "அதனாலதான் ஒருத்தருக்கு ஒரு வரிசை சீட்டு."

"ஆத்தாண்ட எத்தினி ஜீப்பு நிக்கும்?"

"சீசன்ல அம்பது, அறுபது கூட நிக்கும்."

"அப்ப படத்துல மிருகத்துக்குப் பின்னால அறுபது ஜீப்பும் நிக்குமே மேடம்."

காசியம்மாள் ஊறிய பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஆனையப் பாக்க அம்மாந்தூரம் போவணுமா? கோயிலாண்ட போயி நில்லு, அது ஒரு ரூவா வாங்கிக்கினு தலைல தும்பிக்கைய வெக்கும்" என்றாள்.

இரண்டாவது தாள் போட்ஸ்வானா. சோபே என்றொரு ஆறு. தட்டையான படகில் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் சுழலும் கம்பத்தில் கேமராவை மாட்டிவிடுவார்கள். யானைகள் நீந்திக் கடக்கும்போது படகு பக்கத்தில் நிற்கும். ஜமுனா அந்தத் தாளைக் கையில் எடுத்தாள்.

"தண்ணிக்கும் கேமராவுக்கும் எவ்ளோ ஒசரம்?"

"ரெண்டடி இருக்கும். ஆனா ஒண்ணு, இறங்கக் கூடாது. முதலை இருக்கு."

"நான் இன்னாத்துக்கு எறங்கறேன்? படகுல குந்தத்தான போறேன்."

அதைச் சொல்லும்போது அவள் துறையில் கட்டியிருந்த சுப்பராயலுவின் படகைப் பார்த்தாள்.

"மூணாவது இன்னா மேடம்?"

"அது வேணாம். காஞ்ச காட்டுல ஒரு குட்டை. அதுக்குப் பக்கத்துல பூமிக்குள்ள குழி தோண்டி ஒரு அறை கட்டியிருக்காங்க. உள்ள மணிக்கணக்கா உக்காந்து, மிருகம் தண்ணி குடிக்க வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நம்ம ஆளுங்களுக்கு முதுகு புடிச்சிக்கும்."

ஆக, படகு. ஏப்ரல் கடைசி.

கடவுச்சீட்டு எடுக்கும்போதே இயந்திரம் அவள் விரல்களைப் படிக்கத் திணறியது. அங்கே ஒரு அதிகாரி அவள் கையைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார், மேலதிகாரியிடம் பேசினார், வேலையை முடித்துக் கொடுத்தார். அறிவுள்ள ஒரு மனிதர் நாற்காலியில் இருந்தால் போதும், பாதிச் சட்டம் நல்ல சட்டமாகிவிடும். ஆனால் போட்ஸ்வானா போகும் வழியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. அந்த நாட்டு விசாவுக்குப் பத்து விரல் ரேகை வேண்டும். பொங்கலுக்கு அடுத்த வாரம் சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் ஓர் அலுவலகத்தில், கழுத்தில் அட்டை தொங்கிய பெண் ஜமுனாவின் விரல்களைத் துடைத்தாள், களிம்பு தடவினாள், அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கு.

"கையால ஏதாவது வேலை பண்றீங்களா?"

"எந்த வேலைய கையில்லாம பண்றது?"

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. ஒரு மாதம் தண்ணீரில் கை வைக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னாள்.

ஊரில் இது பரவியது. சுப்பராயலு, ஏரியம்மாவுக்குள் கேமரா மெஷினை விட்டதால் வந்த தோஷம் என்றார். பொங்கல் வைத்துக் கும்பிட்டால் ரேகை வரும் என்றார். உப்புத் தண்ணீரும் சிப்பி ஓடும் இருபத்தைந்து வருடம் தேய்த்தால் கல்லும் தேயும். அதற்கு ஒரு தெய்வம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏரியில் வலை போட உரிமை மறுத்து, இவர்களைச் சேற்றில் துழாவ விட்ட மனிதர்களே போதும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், தோல் தானாக வளரும், ஆனால் கையைச் சும்மா வைக்க வேண்டும் என்றார். ஜமுனா பூசைக்காரரிடம் போகவில்லை. கையைச் சும்மா வைத்தாள்.

சும்மா வைப்பது எளிதல்ல. அது கடலிலிருந்து ஏரிக்குள் இறால் ஏறும் பருவம்.

"உனுக்கு ஆப்பிரிக்கா. எனுக்கு ஓட்டை வரிசை" என்றாள் காசியம்மாள் வாசலில் நின்று.

"ஒரு மாசந்தான் அண்ணி."

"ஒரு மாசத்துல ஏறுற எறாலு உனுக்கோசரம் குந்திக்கினு இருக்குமா? நீ இல்லாத எடத்துல வரிசைய இழுத்து நின்னா ரெண்டு பேருக்கும் கையெட்டல. காலாண்ட சிரிச்சிக்கினே ஓடுது."

ஜமுனாவின் கணவன் வேலு மீஞ்சூரில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பாத்திரத்தை மகள் கழுவினாள். ஒவ்வொரு நாள் காலையிலும் ஜமுனா தன் கட்டைவிரலைக் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் வாரம் கூழாங்கல். பதினைந்தாம் நாள், தண்ணீர் வடிந்த சேற்றில் அலை விட்டுப்போகும் வரி மாதிரி மங்கலாக ஏதோ ஒன்று. இருபதாம் நாள் அந்த வரி வளைந்தது. முப்பத்தேழு வயதில் தன் விரலை முதல்முறை பார்க்கிறவள் போல வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் காசியம்மாள் மறுபடியும் வந்தாள். வரிசையிலிருந்து இரண்டு பேர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார்களாம். இன்னும் ஒருத்தி போனால் வரிசையே இல்லை.

"கைய மேல தூக்கிக்கினு சும்மா வந்து நில்லு. ஒடம்பால ஓட்டைய அடச்சா போதும். புடிக்கிறத நாங்க புடிக்கறோம். பங்கு உண்டு."

ஜமுனாவுக்கு அவளை விட்டால் நாளைக்கு வரிசை கிடையாது. ஆப்பிரிக்கா பத்து நாள். ஏரி மீதி நாள் முழுவதும். போனாள். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு மண்டியிட்டு நகர்ந்தாள்.

"போலீசு புட்ச்சிக்கினு போற மாரியே கீது" என்று ஒருத்தி பறியைக் கடித்தபடியே சொல்ல, வரிசை முழுவதும் பல்லைத் திறக்க முடியாமல் சிரித்தது.

இரண்டு நாள் கை மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெரிய இறால் அவள் தொடையில் வந்து மோதியது. கை எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. இறாலைப் பிடித்துவிட்டாள். தூக்கியபோது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிப்பி ஓட்டில் கிழிந்து ரத்தம் சொட்டியது. காசியம்மாள் பறியைத் துப்பிவிட்டு ஓடிவந்து தன் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றினாள்.

"பாவி, நான் கூப்ட்டு வந்தனே" என்றாள். அன்றைக்கு அதற்குமேல் யாரும் இறால் பிடிக்கவில்லை.

மறு வாரம் விசா அலுவலகத்தில் எட்டு விரல்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டுக்கு எரியவில்லை. காயம் ஆறிய பிறகு வரச் சொன்னார்கள். காயம் ஆறி, தோல் வளர்ந்து, மறுபடி நாள் வாங்கி, விசா வருவதற்குள் ஏப்ரல் போய்விடும். எட்டு விரல் உள்ள மனிதரை இவர் யார் என்று அடையாளம் காண முடியாத ஒரு உலகம், ஆற்றின் மறுகரையில் நிற்கும் யானையின் காது மடிப்பை வைத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

பிரின்சி தொலைபேசியில் வருத்தப்பட்டார். உடனே வழியும் சொன்னார். "ஏப்ரலை விட்டா அந்தப் படகு இந்த வருஷம் கிடைக்காது. கென்யாவுக்கு மாத்திக்கலாம், ஜமுனா. அங்க விரல் ரேகை இல்லாம ஆன்லைன்லயே எழுதிப் போட்டா போதும். ஆகஸ்ட்ல ஜீப்."

ஜீப்பின் மேலிருந்து எடுத்தால் அவள் அந்த அறுபது ஜீப்பில் ஒருத்தி. கீழே இருந்து பார்க்கும் கண் ஒன்றுதான் அவளிடம் உள்ள சொத்து.

"அந்த மூணாவது தாளு மேடம். குழி. அது எந்த நாடு?"

"அதுவும் கென்யாதான். ஆனா..."

"அங்க வெரலு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. ஆனா க்ரூப்ல யாரும் வர மாட்டாங்க, ஜமுனா. மணிக்கணக்கா யார் உக்காருவா?"

"டாக்டரக் கேளுங்க. மிருகம் குனிஞ்சி தண்ணி குடிக்கும்போது அதோட கண்ணும் நம்ம கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கும்னு சொல்லுங்க. வருவாரு." பிறகு, "இன்னொண்ணு. அங்க நான் எடுக்கிற படத்துக்குக் கீழ என் பேரு போடணும். இங்க எடுத்ததுக்கும்."

"பார்க்கலாம், ஜமுனா."

"பாக்கலாம்னா நானும் பாக்கறேன் மேடம்."

நான்கு நாள் கழித்துத் தாள் வந்தது. ஆகஸ்ட், கென்யா, குழியறை. டாக்டர், அவர் மனைவி, ஜமுனா. மூன்றே பேர். மகள் நிறுவனத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அலகும் நிழலும் தொடும் அந்தப் பூநாரைக்குக் கீழே "படம்: ஜமுனா" என்று இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும். மற்றவற்றுக்குக் கீழே நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. ஜமுனா ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசிப் படம் வரை பார்த்தாள்.

படகில் உட்காரும் ஆசை போனது போனதுதான். அவளுக்குக் கிடைத்தது இன்னொரு பள்ளம்.

அதே வாரம் ரேஷன் கடையில் இயந்திரம் அவளுடைய தழும்பு விழுந்த கட்டைவிரலை ஏற்கவில்லை. "வூட்டுக்காரர வரச் சொல்லுமா" என்றார் கடைக்காரர். வேலு வேலைக்குப் போயிருந்தான். வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நேராக ஏரிக்கு வந்தாள். வரிசை அவளுக்காக இடம் விட்டு நின்றது. பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். ஆறிய தழும்பில் உப்பு எரிந்தது. இரண்டு கைகளும் சேற்றுக்குள் போயின.

பக்கத்திலிருந்த காசியம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். "ஏன் ஜமுனா, அந்தக் குழிக்குள்ள தண்ணி ஓரமா குந்தியிருப்பியே, ஆன வந்து நின்னுச்சின்னா இந்தக் கை சும்மா இருக்குமா?"

ஜமுனாவின் வாயில் கூடை இருந்தது. வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.