கற்பூரப் புகையில் மூச்சுக்குத் தவித்தவன்

"அம்மாள் யோகனைக் கூப்பிட்டிட்டா தம்பி." அன்று காலையில் தொலைபேசியில் அவனுடைய பெரியப்பா இப்படித்தான் சொன்னார். எனக்கு அழுகைக்கு முன் குமட்டல் வந்தது. அம்மாள் வருத்தம் என்கிற கொப்புளிப்பான் முற்றி, நுரையீரல் பழுதாகித்தான் யோகன் செத்தான். துறைமுக வீதி ஓட்டோ தரிப்பிடத்தில் அவனோடு நின்ற உங்களுக்கு இது தெரிய வேண்டும்.

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு தாய், உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட பிள்ளையோடு வந்தது நினைவிருக்கிறதா? வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யோகன் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்து இருக்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும், சிலர் அவனுக்குப் பக்கத்தில் வண்டியை விடவில்லை. "வேப்பிலையை வாசலிலை கட்டுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. குளிசையையும் குடுங்கோவன்" என்று எங்களிடம் சொன்னான். தனக்குச் சின்ன வயதிலேயே அது வந்துபோனதாக நம்பியிருந்தான், பாவி.

இரண்டு கிழமையில் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்து, நீர் கோத்த கொப்புளங்கள் எழும்பியபோது அவனுக்கு ஒரு மருந்துக் குளிசையும் கிடைக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு இது கடுமையாக வரலாம். தொடக்கத்திலேயே வைத்தியரிடம் போனால் மருந்து உண்டு. மூச்சு இழுத்தால் தாமதிக்கவே கூடாது. லிங்கநகரில் அவனுடைய வீட்டு வாசற்படலையில் பெரியப்பா என்னை மறித்தார். உள்ளே அவன் இரைப்பது வெளியில் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் ஐயா."

"விசர்க் கதை கதையாதை. அது அவன்ரை மூச்சில்லை. அம்மாள் உரு வந்து மூச்சு விடுறா."

பூட்டிய அறைக்குள் கற்பூரம் கொளுத்தினார்கள். ஒருவன் மூச்சுக்குத் தவிக்க, சுற்றி நின்று கும்பிட்டார்கள். மனைவி கலா கத்திக் குளறியும், அவனுடைய உதடு நீலமான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டார்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள், ஏலவில்லை.

செத்த வீட்டில் அதே பெரியப்பா, "குடுத்து வைச்சவன், அம்மாளின்ரை காலடிக்குப் போயிட்டான்" என்றார். உங்களில் சிலரும் தலையாட்டினீர்கள். சீ!

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னரே அவனுடைய மகளுக்கும் கொப்புளம் போட்டது. கலா உடனே என்னை அழைத்தாள். போனபோது, பெரியப்பா வேப்பிலையோடு படலையில் நின்றார்.

"அம்மாளைப் பகைக்காதை பிள்ளை."

"அம்மாளை நான் பகைக்கேல்லை மாமா. உங்களைத்தான்" என்றபடி அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள்.

வைத்தியர் தந்த மருந்தோடு, கடிக்கிற அரிப்புக்குக் கலமைன் பூசி, சொறியாமல் நகம் வெட்டிப் பார்த்ததில் பிள்ளை தேறிவிட்டாள்.

யோகன் எனக்கு விட்டுப்போனது இந்த அருவருப்பைத்தான். அதை ஆற விடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் படலையில் யாரும் மறித்தால் தேவைப்படும்.